வாஸ்கோ ட காமா: ஒரு கிளப்பும் ஒரு கடிதமும் (வாசகர் கேள்வி - பதில்)

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரத்தில் உள்ள வாஸ்கோ ட காமா கால்பந்து கிளப்பைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தோம். 1924ஆம் ஆண்டு தன் வீரர்களில் 12 பேரை நீக்க மறுத்து, நகரத்தின் பெரிய லீகையே வேண்டாம் என்று சொன்ன கிளப் அது என்பதே அந்த நான்கு வரியின் சாரம். அதையொட்டி வந்த கேள்விகளின் எண்ணிக்கை நாங்கள் எதிர்பாராதது. ஆகவே இந்த வாரம் முழுப் பகுதியையும் அந்த ஒரு கிளப்புக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கோழிக்கோட்டுக்குக் கடல்வழி கண்டவர் என்று பள்ளியில் படித்த வாஸ்கோடகாமாதானே இவர்? அவர் பெயரில் கிளப் இருப்பதென்றால் போர்த்துக்கல்லில் அல்லவா இருக்க வேண்டும்? பிரேசிலில் எப்படி வந்தது?
(நாகர்கோவில் வாசகர்)

பதில்: அவரேதான். அவருடைய கப்பல்கள் கோழிக்கோட்டுக் கரையை அடைந்தது 1498ஆம் ஆண்டு மே மாதத்தில். அந்தப் பயணத்தின் நானூறாம் ஆண்டை 1898இல் போர்த்துக்கீசியர்கள் தாங்கள் குடியேறியிருந்த ஊர்களிலெல்லாம் கொண்டாடினார்கள். ரியோவின் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் கடைச் சிப்பந்திகளாகவும் சிறு வணிகர்களாகவும் இருந்த போர்த்துக்கீசியக் குடியேறிகளும் அவர்களுடைய பிள்ளைகளுமாக 62 பேர், அந்த ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் தேதி கூடி ஒரு கிளப்பைத் தொடங்கி, கொண்டாட்டத்தின் நாயகனுடைய பெயரையே அதற்கு வைத்தார்கள். தொடங்கியது கால்பந்துக்காக அன்று. துடுப்புப் படகுப் பந்தயத்துக்காக. ரியோவில் அன்றைக்குக் கூட்டம் கூடியது படகுப் போட்டிக்குத்தான். கிளப்பின் முழுப்பெயரில் 'படகுப் பந்தயக் கிளப்' என்ற பொருள் தரும் சொற்கள் இன்றும் இருக்கின்றன.

நம் கரையிலிருந்து பார்ப்பவருக்கு அந்தப் பெயர் அவ்வளவாக இனிக்காது. இரண்டாம் பயணத்தின்போது, 1502இல், மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்திரிகர்களின் கப்பலை ஆட்களோடு கொளுத்தியவர் அவர். அவரைத் தொடர்ந்து வந்தவர்கள் நம் வீடுகளில் விட்டுச் சென்ற சாவி, ஜன்னல், அலமாரி, மேசை ஆகிய சொற்களை நாம் தமிழாகவே புழங்குகிறோம் என்பது வேறு கதை. ரியோவின் கடைச் சிப்பந்திகள் அந்தப் பெயரில் கண்டது கொளுத்தப்பட்ட கப்பலை அல்ல. ஊரில் 'போர்த்துக்கீசியன்' என்று கேலி செய்யப்பட்ட தங்களுக்கு ஒரு பழம்பெருமை தேவைப்பட்டது, அவ்வளவே.

கேள்வி: படகுக் கிளப் கால்பந்துக்கு வந்தது எப்போது? தொடக்கத்திலேயே வலுவான அணியாக இருந்ததா?
(காரைக்குடி வாசகர்)

பதில்: 1915 நவம்பர் 26ஆம் தேதி. போர்த்துக்கீசியர்களை மட்டுமே சேர்த்துக்கொண்ட லூசிட்டானியா என்ற சிறிய கால்பந்துக் கிளப் வாஸ்கோவுடன் இணைந்தபோது கால்பந்துப் பிரிவு உருவானது. இணைந்தபின் அந்த 'மட்டுமே' காணாமற்போனதைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் வாஸ்கோ அதற்கு முன்பே வேறு வழியில் நடந்திருந்தது. 1904இல், பிரேசிலில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டு 16 ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், கறுப்பின வழிவந்தவரான கான்டிடோ ஜோசே டி அராவுஜோவை அந்தக் கிளப் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தது. அவர் தலைமையில்தான் 1905, 1906 ஆண்டுகளில் படகுப் போட்டிப் பட்டங்களும் கிடைத்தன.

வலுவைக் கேட்டிருக்கிறீர்கள். 1916 மே 3ஆம் தேதி ஆடிய முதல் ஆட்டத்தில் பலடினோ என்ற அணியிடம் 10-1 என்று தோற்றார்கள். அதுவும் மூன்றாம் டிவிஷனில். அங்கிருந்து மேலேறி வர ஏழு ஆண்டுகள் பிடித்தன.

கேள்வி: 1923ஆம் ஆண்டு அணியைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுங்கள். யார் அந்த வீரர்கள்?
(மதுரை வாசகர்)

பதில்: 1922இல் இரண்டாம் டிவிஷனை வென்று, 1923இல் முதன்முறையாக மேல் டிவிஷனுக்கு வந்தார்கள். வந்த ஆண்டே பட்டத்தையும் வென்றார்கள். தொடர் முழுவதிலும் தோற்றது ஒரே ஒரு ஆட்டத்தில், ஃப்ளமெங்கோவிடம். ரசிகர்கள் அவர்களைக் 'கறுப்புச் சட்டைகள்' என்று அழைத்தார்கள். காரணம் அவர்களுடைய சீருடையின் நிறம். நம் ஊர் வாசகர் வேறு இயக்கத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அன்று ரியோவின் மேல்தட்டுக் கிளப்புகளான ஃப்ளுமினென்ஸ், ஃப்ளமெங்கோ, பொட்டாஃபோகோ ஆகியவற்றில் ஆடியவர்கள் பெரும்பாலும் மருத்துவம் அல்லது சட்டம் படிக்கும் வசதியான வீட்டு வெள்ளைப் பிள்ளைகள். மாலையில் ஆட்டம், இரவில் நடன விருந்து என்பது அவர்களுடைய கால்பந்து. வாஸ்கோவின் கோல்கீப்பர் நெல்சன் டா கான்செய்சாவ் வாடகைக் கார் ஓட்டுநர். செசி சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர். நிகோலினோ துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர். இவர்களில் கறுப்பர்களும் கலப்பினத்தவரும் ஏழை வெள்ளையரும் இருந்தார்கள். போர்த்துக்கீசிய வணிகர்கள் இவர்களைப் புறநகர் மைதானங்களில் தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

பயிற்சியாளர் ரமோன் பிளாட்டேரோ உருகுவே நாட்டவர். மற்ற அணிகள் பந்தைத் தட்டிப் பழகுவதே பயிற்சி என்றிருந்த காலத்தில், அவர் வீரர்களை விடியற்காலையில் எழுப்பித் தெருத் தெருவாக ஓடவிட்டார். அதன் பலன் ஆட்டத்தின் பின்பாதியில் தெரிந்தது. முதல் பாதியில் பின்தங்கியிருந்தாலும், எதிரணியினர் மூச்சு வாங்கும் நேரத்தில் வாஸ்கோ வேகமெடுத்துவிடும்.

கேள்வி: அப்போது கால்பந்து வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்ற விதி இருந்ததல்லவா? ஓட்டுநரும் சுமை தூக்குபவரும் தினமும் விடியற்காலையில் எப்படி ஓடினார்கள்?
(ஈரோடு வாசகர்)

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். விதி இருந்தது உண்மைதான். ஆனால் வீரர்களின் பெயர்கள் போர்த்துக்கீசிய வணிகர்களின் கடைகளில் பணியாளர்களாகப் பதிவாகியிருந்தன. கடைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், ஆள் மைதானத்தில் இருப்பார். வென்றால் ரசிகர்கள் தரும் ஊக்கத்தொகை தனி. அதைப் பணம் என்று சொல்லாமல், ரியோவில் பரவலாக இருந்த 'விலங்குச் சூதாட்டத்தின்' பெயர்களால் சொன்னார்கள். அந்தச் சீட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு விலங்கு உண்டு. 50 மில்ரெய்ஸ் (அன்றைய பிரேசில் நாணயம்) கிடைத்தால் 'சேவல்' கிடைத்தது, 100 கிடைத்தால் 'பசு' கிடைத்தது என்பார்கள். எவரும் ஒட்டுக்கேட்டாலும் கோழிப் பண்ணைப் பேச்சாகவே இருக்கும். வெற்றிக்குத் தரும் ஊக்கத்தொகைக்குப் பிரேசில் கால்பந்தில் இன்றும் 'விலங்கு' என்ற பொருள்படும் 'பீஷோ' என்பதே பெயர்.

எனவே வாஸ்கோவின் மீது மேல்தட்டுக் கிளப்புகள் சுமத்திய குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், உழைத்துப் பிழைக்க வேண்டியவன் கூலியில்லாமல் ஆட முடியாது. கூலி வாங்கினால் ஆட்டத்தில் இடமில்லை. இந்த விதி யாரை வெளியே நிறுத்துவதற்கு உதவியது என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

கேள்வி: 1924 கடிதத்தில் என்ன இருந்தது? யாருக்கு யார் எழுதியது? அதன் பின் என்ன நடந்தது?
(தஞ்சாவூர், கோவை, பெங்களூரு வாசகர்கள்)

பதில்: கேள்விகளில் பாதி இதைப் பற்றியே இருந்தது; நாமும் இதற்கே கூடுதல் இடம் தருகிறோம்.

சுமை தூக்குபவர்களின் அணி பட்டம் வென்ற மறு ஆண்டு, 1924 மார்ச்சில், ஃப்ளுமினென்ஸ், ஃப்ளமெங்கோ, பொட்டாஃபோகோ, அமெரிக்கா, பாங்கு ஆகிய கிளப்புகள் பழைய லீகிலிருந்து விலகிப் புதிய சங்கம் ஒன்றை அமைத்தன. 'அமேயா' என்பது அதன் சுருக்கப் பெயர். நடப்புச் சாம்பியனை ஒரேயடியாக வெளியே தள்ள முடியாது. ஆகவே வாஸ்கோவுக்கும் அழைப்பு வந்தது, நிபந்தனைகளோடு. வீரர்களுடைய தொழில், வருமானம், எழுத்தறிவு ஆகியவற்றைச் சங்கம் விசாரிக்கும். அந்த விசாரணையின்படி 12 வீரர்களை வாஸ்கோ நீக்க வேண்டும். அவர்களில் 7 பேர் முதல் அணியினர், 5 பேர் இரண்டாம் அணியினர். மேலும், கிளப்புக்கெனத் தகுந்த மைதானம் இல்லை என்ற குறையும் சொல்லப்பட்டது.

எந்த நிபந்தனையிலும் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதற்கு அவசியமும் இல்லை. அன்றைய பிரேசிலில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் கைத்தொழில் செய்பவர்களையும் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் யார் மிஞ்சுவார்கள் என்பது விதியை எழுதியவர்களுக்குத் தெரியும்.

எழுத்தறிவு விதி எப்படி வேலை செய்தது என்பதைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு வீரரும் நடுவரின் ஆட்டத்தாளில் தன் பெயரைத் தானே எழுதிக் கையொப்பமிட வேண்டும். தடுமாறினால் ஆட முடியாது. இதற்காகவே வாஸ்கோவில் வீரர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். காலை ஓட்டம் முடிந்து, காலணியைக் கழற்றிவிட்டு, பேனாவைப் பிடித்துத் தன் பெயரையே மறுபடி மறுபடி எழுதிப் பார்க்கும் வளர்ந்த மனிதர்களை நினைத்துப் பாருங்கள். நீண்ட குடும்பப் பெயரை எழுத வராததால், சுலபமான 'சில்வா' என்ற பெயரை வைத்துக்கொண்ட வீரர் ஒருவரின் கதையை ரியோவில் இன்றும் சொல்வார்கள்.

1924 ஏப்ரல் 7ஆம் தேதி, வாஸ்கோவின் தலைவர் ஜோசே அகுஸ்டோ பிரெஸ்டெஸ், அமேயாவின் தலைவர் அர்னால்டோ கின்லேவுக்கு 261 என்ற எண்ணிட்ட அலுவலகக் கடிதம் ஒன்றை அனுப்பினார். நீளமான கடிதம் அன்று. எங்கள் வீரர்களின் சமூக நிலையை நீங்கள் விசாரித்த முறையை ஏற்பதற்கில்லை. பிற கிளப்புகளுக்கு உள்ள உரிமைகள் எங்களுக்கு மறுக்கப்படுகின்றன. நீக்கச் சொல்லும் 12 பேரும் இளைஞர்கள், ஏறக்குறைய எல்லோரும் பிரேசில்காரர்கள், வாழ்க்கையின் தொடக்கத்தில் இருப்பவர்கள். அவர்களைப் பொதுவெளியில் களங்கப்படுத்தும் செயலுக்கு, அவர்களை வரவேற்ற இந்த வீடு ஒருபோதும் துணைநிற்காது, அவர்கள் பெருமை சேர்த்த கொடியின் கீழ் அது நடக்கவும் நடக்காது. ஆகவே அமேயாவில் சேரும் எண்ணத்தை நாங்கள் கைவிடுகிறோம். சாரம் இவ்வளவுதான். பிரேசிலில் இதை 'வரலாற்றுப் பதில்' என்று குறிப்பிடுகிறார்கள்.

இந்தக் கடிதத்திலும் 'கறுப்பர்' என்ற சொல் கிடையாது. கேட்டவர்களும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, மறுத்தவர்களும் சொல்லவில்லை, இருதரப்புக்கும் விஷயம் புரிந்திருந்தது. அலுவலகக் கடிதப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது வியப்பாக இராது.

வாஸ்கோ அந்த ஆண்டு பழைய லீகிலேயே சிறிய கிளப்புகளோடு ஆடி, ஒரு தோல்வியும் இல்லாமல் பட்டம் பெற்றது. ஆனால் ரசிகர் கூட்டம் வாஸ்கோ ஆடும் இடத்துக்கே போனது. நுழைவுச் சீட்டு வருமானம் குறைந்தால் மேல்தட்டுக் கிளப்புகளின் கணக்கும் தள்ளாடும். 1925இல் அமேயா வாஸ்கோவைச் சம உரிமையோடு சேர்த்துக்கொண்டது. மனமாற்றமா, வருமான நோக்கமா என்று கேட்டால், இரண்டாவதற்கே என் வாக்கு.

கேள்வி: அப்படியானால் பிரேசிலில் கறுப்பின வீரரை முதன்முதலில் ஆடவைத்த கிளப் வாஸ்கோதான் என்று இணையத்தில் எழுதுகிறார்களே, அது சரியா?
(சேலம் வாசகர்)

பதில்: சரியன்று. ரியோவின் புறநகரில், நெசவாலையைச் சேர்ந்த பாங்கு கிளப்பில், பிரான்சிஸ்கோ கரெகால் 1905ஆம் ஆண்டே ஆடியிருக்கிறார். மற்ற ஊர்களிலும் இவ்வாறு முன்னோடிகள் உண்டு. அந்த பாங்கு, 1924இல் அமேயாவைத் தொடங்கிய ஐந்து கிளப்புகளில் ஒன்றாக இருந்தது என்பது இந்தக் கதையின் விசித்திரம். ஆலைத் தொழிலாளரைக் கொண்ட அணி கடைசி இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவரை எவரும் முகம் சுளிக்கவில்லை. வாஸ்கோ கறுப்பர்களைக் கொண்டு வென்றது, பின்பு அவர்களைக் கைவிடச் சொன்னபோது மறுத்தது. முதல் என்ற பட்டத்தைவிட இதுவே அதன் உண்மையான பெருமை. இல்லாத பெருமையை அதன்மேல் ஏற்றத் தேவையில்லை.

கேள்வி: மைதானம் இல்லை என்று சொன்னார்களே, பிறகு கட்டினார்களா?
(புதுச்சேரி வாசகர்)

பதில்: கட்டினார்கள், வீம்புக்கே கட்டினார்கள் என்றும் சொல்லலாம். உறுப்பினர்களிடமும் ரசிகர்களிடமும் பணம் திரட்டி, 1926 ஜூனில் அடிக்கல் நாட்டி, பத்து மாதங்களில் முடித்து, 1927 ஏப்ரல் 21ஆம் தேதி சாவ் ஜனுவாரியோ மைதானத்தைத் திறந்தார்கள். குடியரசுத் தலைவர் வாஷிங்டன் லூயிஸ் நேரில் வந்தார். அன்றைக்குத் தென் அமெரிக்காவிலேயே பெரிய மைதானம் அதுதான். 1930 உலகக் கோப்பைக்காக மான்டிவீடியோவில் சென்டெனாரியோ கட்டப்படும் வரை அந்தப் பெயர் நிலைத்தது. திறப்பு ஆட்டத்தில் சான்டோஸிடம் 5-3 என்று தோற்றார்கள். அதற்கு என்ன செய்வது?

பல்லாயிரம் பேர் உட்காரக்கூடிய இடம் வேறு இல்லாததால் நாட்டின் அரசியலும் அங்கே வந்துசேர்ந்தது. அப்போது பிரேசிலை ஆண்ட கெட்டூலியோ வர்காஸ் மே தினப் பேரணிகளை அங்கு நடத்தினார். 1940 மே 1ஆம் தேதி குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை அறிவித்தது அந்த மைதானத்தில்தான். வர்காஸ் ஆட்சியில் ஒன்பது ஆண்டுகள் சிறையில் இருந்து வெளிவந்த கம்யூனிஸ்ட் தலைவர் லூயிஸ் கார்லோஸ் பிரெஸ்டெஸ், 1945 மே மாதத்தில் மாபெரும் கூட்டத்தின் முன் பேசியதும் அதே மைதானத்தில்தான்.

கேள்வி: ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீகுக்கும் வாஸ்கோவுக்கும் தொடர்பு உண்டு என்று நண்பர் சொல்கிறார். நம்பலாமா?
(சென்னை வாசகர்)

பதில்: நம்பலாம், ஒரு சுற்று வழியாக. 1948இல் சிலி நாட்டின் கோலோ கோலோ கிளப், சான்டியாகோவில் தென் அமெரிக்கச் சாம்பியன் கிளப்புகளுக்கென ஒரு போட்டியை நடத்தியது. ஏழு அணிகள், ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் ஆடின. 'வெற்றி எக்ஸ்பிரஸ்' என்று பெயர் பெற்றிருந்த வாஸ்கோ 4 வெற்றி, 2 டிரா என்று தோல்வியே இல்லாமல் கோப்பையைப் பெற்றது. டி ஸ்டெஃபானோ ஆடிய அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட்டோடு மார்ச் 14ஆம் தேதி ஆடிய ஆட்டம் 0-0 என்று முடிந்தது. அதில் லாப்ரூனா அடித்த பெனால்டியை வாஸ்கோ கோல்கீப்பர் பார்போசா தடுத்தார். அந்தப் போட்டியைப் பார்த்த பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஜாக் ஃபெரான், 'லெக்கிப்' பத்திரிகையில் இருந்தவர், ஐரோப்பாவிலும் இதுபோல ஒன்று வேண்டும் என்று எண்ணினார். அந்தப் பத்திரிகையின் முயற்சியால் 1955இல் ஐரோப்பியக் கோப்பை தொடங்கியது.

கேள்வி: 1950 உலகக் கோப்பையில் பிரேசிலைத் தோற்கடித்தவர் என்று திட்டப்பட்ட பார்போசா இவர்தானா?
(திருநெல்வேலி வாசகர்)

பதில்: இவர்தான். ஆனால் 'பிரேசிலைத் தோற்கடித்தவர்' என்று உருகுவே வீரர்களைச் சொல்வதே முறை.

1950 பிரேசில் அணியில் வாஸ்கோ வீரர்கள் 8 பேர் இருந்தார்கள். கேப்டன் அகுஸ்டோ, கோல்களாக அடித்துக் குவித்த அடெமிர், நடுக்கள வீரர் டனிலோ ஆகியோரும் அவர்களில் உண்டு. பயிற்சியாளர் ஃப்ளாவியோ கோஸ்டாவும் வாஸ்கோவின் பயிற்சியாளர். ஏறக்குறைய அது வாஸ்கோவின் அணியே. ஜூலை 16ஆம் தேதி ரியோவின் மரக்கானா மைதானத்தில் உருகுவேயோடு டிரா செய்தாலே உலகக் கோப்பை பிரேசிலுக்கு. ஃப்ரியாசா அடித்த கோலால் பிரேசில் முன்னிலையும் பெற்றது. பின்பு உருகுவேயின் கிஜ்ஜியா வலப்பக்கம் ஓடிவந்து நடுவே தட்டிக்கொடுக்க, ஸ்கியாஃபினோ கோலடித்துச் சமன் செய்தார். 79ஆவது நிமிடத்தில் கிஜ்ஜியா அதே வழியில் மறுபடி வந்தார். முன்போலவே நடுவே தட்டுவார் என்று எண்ணிப் பார்போசா ஓரடி முன்னே நகர்ந்தார். கிஜ்ஜியா நேராகக் கோலை நோக்கி அடித்தார். கம்பத்துக்கும் கோல்கீப்பருக்கும் இடையிலிருந்த சின்ன இடைவெளியில் பந்து நுழைந்தது. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் இருந்த மைதானம் வாயடைத்துப் போனது.

பார்போசாவின் கணிப்பு தவறு என்று எந்தக் கோல்கீப்பரும் சொல்லமாட்டார். பத்து நிமிடங்களுக்கு முன்னர்தான் அதே இடத்திலிருந்து அதே வீரர் நடுவே தட்டியிருந்தார். ஆனாலும் பழி அவர் மீதே விழுந்தது. தற்காப்பு வீரர்களான பிகோடே, ஜுவெனால் ஆகியோர் மீதும் விழுந்தது. மூவரும் கறுப்பர்கள் என்பது தற்செயல் அன்று. அதன் பிறகு பிரேசிலுக்கு உலகக் கோப்பையில் முதல் தேர்வாக ஒரு கறுப்பினக் கோல்கீப்பர் நின்றது 2006இல், டிடா. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் பார்போசா பல ஆண்டுகள் அதே மரக்கானா வளாகத்தில் ஊழியராக வேலை பார்த்தார். பிரேசிலில் ஒரு குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 30 ஆண்டுகள், நான் செய்யாத குற்றத்துக்கு 50 ஆண்டுகளாக அனுபவிக்கிறேன் என்று கடைசிக் காலத்தில் சொன்னார். அவர் இறந்தது 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி. 1924 கடிதத்திலும் அதே தேதிதான். வாஸ்கோ தன் பயிற்சி மையத்துக்கு இப்போது மோவாசிர் பார்போசா என்று பெயரிட்டிருக்கிறது.

கேள்வி: பெலே வாஸ்கோவுக்கு ஆடியிருக்கிறாரா?
(விருதுநகர் வாசகர்)

பதில்: வாஸ்கோ சட்டையில் ஆடியிருக்கிறார். 1957 ஜூனில் வாஸ்கோவும் சான்டோஸும் சேர்ந்து அமைத்த கூட்டு அணியில், 16 வயதுப் பெலே மரக்கானாவில் போர்த்துக்கல்லின் பெலெனென்சஸ் அணிக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். அடுத்த மாதமே தேசிய அணியில் இடம் கிடைத்தது. 1969 நவம்பர் 19ஆம் தேதி அதே மைதானத்தில் அவர் தன் ஆயிரமாவது கோலைப் பெனால்டியில் அடித்தது வாஸ்கோவின் கோல்கீப்பர் அன்ட்ராடாவைத் தாண்டி. பந்து உள்ளே போனதும் அன்ட்ராடா தரையைக் குத்தினார்.

கேள்வி: வாஸ்கோவின் மிகப் பெரிய வீரர் யார்? ரொமாரியோவா?
(கும்பகோணம் வாசகர்)

பதில்: ரொமாரியோ அங்கே வளர்ந்தவர், தன் கணக்குப்படி ஆயிரமாவது கோலை 2007 மே மாதத்தில் சாவ் ஜனுவாரியோவில் அடித்தவர். எனினும் வாஸ்கோ ரசிகர்களைக் கேட்டால் ராபர்ட்டோ டினமிட்டே என்பார்கள். 1971இல் இன்டர்நேசியனாலுக்கு எதிராக அந்தச் சிறுவன் அடித்த கோலைப் பார்த்து ஒரு பத்திரிகை 'டைனமைட்' என்று எழுதியது. அதுவே பெயராகிவிட்டது. வாஸ்கோவுக்காக 1,110 ஆட்டங்கள், 708 கோல்கள். பிரேசில் தேசிய லீகில் 190 கோல்கள் அடித்து அந்தப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கிறார். 1974இல் கிளப்பின் முதல் தேசியப் பட்டம் அவர் காலத்தில் வந்தது. பின்னாளில் கிளப்பின் தலைவராகவும் இருந்தார். 2023 ஜனவரியில் மறைந்தார்.

மற்ற கோப்பைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தேசியப் பட்டம் 1974, 1989, 1997, 2000 ஆகிய நான்கு முறை. 1997இல் எட்முண்டோ ஒரே தொடரில் 29 கோல் அடித்தார். நூற்றாண்டு ஆண்டான 1998இல், ஈக்வடாரின் பார்சிலோனா அணியை வென்று தென் அமெரிக்காவின் லிபர்டடோரஸ் கோப்பை. அரையிறுதியில் ரிவர் பிளேட்டின் மைதானத்தில் ஜுனின்யோ அடித்த ஃப்ரீ கிக்கை ரசிகர்கள் பாட்டாகவே பாடுகிறார்கள். 2000 டிசம்பர் 20ஆம் தேதி தென் அமெரிக்கக் கிளப்புகளுக்கான மெர்கோசூர் கோப்பை இறுதியில், பல்மெய்ராஸிடம் பாதி நேரத்தில் 3-0 என்று பின்தங்கியிருந்துவிட்டு 4-3 என்று வென்றதும் உண்டு. ரொமாரியோ அதில் மூன்று கோல் அடித்தார். பத்து நாள் கழித்து, சாவ் ஜனுவாரியோவில் தேசிய லீக் இறுதி ஆட்டத்தின்போது கூட்ட நெரிசலில் வேலி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அடிபட்டவர்களை மைதானத்திலேயே கிடத்தியிருந்த நிலையிலும் ஆட்டத்தைத் தொடரலாம் என்று கிளப் நிர்வாகத்தினர் வாதிட்டது இந்தக் கிளப்பின் வரலாற்றில் அழியாத கறை. 1924 கடிதத்தைக் கொண்டாடுகிறவர்கள் அந்த மாலைப்பொழுதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

கேள்வி: இன்று எப்படி இருக்கிறது?
(திருச்சி வாசகர்)

பதில்: சுகமில்லை. 2008, 2013, 2015, 2020 என்று நான்கு முறை இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கித் திரும்பியது. கடன் கழுத்தை நெரித்ததால் 2022இல் கால்பந்துப் பிரிவை நிறுவனமாக்கி, அதன் 70 சதவீதத்தை அமெரிக்க முதலீட்டு நிறுவனமான 777 பார்ட்னர்ஸுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அந்த உறவு முறிந்து, 2024 மே மாதத்தில் நீதிமன்ற உத்தரவின் பேரில் கட்டுப்பாடு மீண்டும் கிளப்பின் கைக்கு வந்தது. முன்னாள் வீரர் பெட்ரின்யோ இப்போது தலைவர்.

ஒரு செய்தியை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாவ் ஜனுவாரியோவின் மதிலை ஒட்டி 'பரெய்ரா டோ வாஸ்கோ' என்ற குடிசைப் பகுதி இருக்கிறது. 2023 ஜூனில் கோயாஸ் அணியிடம் தோற்ற ஆட்டத்தின் முடிவில் ரசிகர்கள் கலவரம் செய்தார்கள். மைதானம் மூடப்பட்டது. கலவரத்துக்குத் தண்டனை என்றால் சரி என்று விட்டிருக்கலாம். ஆனால் மூடலுக்கு ஆதாரமான நீதிமன்ற ஆவணத்தில், மைதானத்தைச் சுற்றிக் குடிசைப் பகுதி இருப்பதும், அங்கே துப்பாக்கிச் சத்தம் கேட்பதும்கூடக் காரணங்களாக எழுதப்பட்டிருந்தன. ஆட்ட நாளில் தெருவோரத்தில் பீரும் சுட்ட இறைச்சியும் விற்றுப் பிழைக்கும் பரெய்ரா மக்களுக்கு வருமானம் நின்றது. 12 பேரின் தொழிலைக் கேட்ட அதே குரல், நூறு ஆண்டு கழித்து முகவரியைக் கேட்கிறது என்று வாஸ்கோ ரசிகர்கள் கொதித்தார்கள். கிளப்பும் பரெய்ரா மக்களும் சேர்ந்து போராடிய பின், செப்டம்பரில் மைதானம் மீண்டும் ரசிகர்களுக்குத் திறக்கப்பட்டது.

கேள்வி: சின்னத்தில் உள்ள கப்பலும் சிலுவையும் எதைக் குறிக்கின்றன? சட்டையின் குறுக்கே ஓடும் வெள்ளைப் பட்டை எதற்கு?
(தூத்துக்குடி வாசகர்)

பதில்: கப்பல், வாஸ்கோ ட காமா காலத்துப் பாய்மரக் கப்பல். பட்டை, அவர் இந்தியாவுக்கு வந்த கடல்வழி என்று விளக்கம் சொல்வார்கள். பாயில் இருக்கும் சிவப்புச் சிலுவையை ரியோவில் எல்லோரும் 'மால்டா சிலுவை' என்கிறார்கள். அதனால் ரசிகர்களுக்கே மால்டா சிலுவைக்காரர்கள் என்று பெயர். உண்மையில் அந்தப் போர்த்துக்கீசியக் கப்பல்களின் பாயில் இருந்தது கிறிஸ்து சபை வீரர்களின் சிலுவை. வடிவமே வேறு. பெயர் தவறு என்று அறிந்தவர்கள் பலமுறை எழுதிவிட்டார்கள், ரசிகர்கள் மாற்றிக்கொள்வதாக இல்லை.